தண்ணீர் போகும் வழி: 1990 யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றுக்கு ஹூட் மாற்றிய விபரம்

கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்த ஓர் ஆவணி மாதக் காலையில் அந்த வண்டி எங்கள் கராஜுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர். இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "தம்பி, ஹூட் மாத்தி ஒண்டரை வருசம்தான். ஆனா மழைக்கு உள்ளுக்க இருக்க ஏலாது. இதைக் கழட்டிப்போட்டு வேற ஒண்டு போட்டுத் தாங்க."

வண்டி 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். மற்ற நாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5, மியாட்டா என்ற பெயர்களில் ஓடுவது. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கார்க் கண்காட்சியில் முதன்முதலில் காட்டினார்கள். 1.6 லீற்றர் எஞ்சின், இரண்டே இருக்கை, கையால் மடக்கி இருக்கைகளுக்குப் பின்னால் தள்ளிவிடக்கூடிய ஹூட், அதாவது துணிக் கூரை. பின்பக்கம் கண்ணாடிக்குப் பதிலாக வளையும் பிளாஸ்டிக் தாள், அதைச் சுற்றி உடுப்பில் வருவது போன்ற ஒரு சிப். முப்பது வருடம் தாண்டியும் எஞ்சின் கடிகாரம்போல ஓடுகிறது. இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இருந்த வண்டியைக் கண்போலப் பார்த்துக்கொள்ள வேண்டிய காலமாக அது இருந்தது. இவரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

ஹூட் மாற்றுவதாக ஒத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருப்பேன். போகிற போக்கில் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. பாலத்தடியில் வளைத்துத் திருப்பும்போது எங்கேயோ சளக் என்று ஒரு சத்தம் வருகிறதாம். ரேடியேட்டர் தண்ணீராக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். பதினைந்து அடி தள்ளிப்போய் சடக்கென்று பிரேக் போடச் சொன்னேன். சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. கதவுக்குக் கீழே, தரையோடு நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

மழை பெய்து மாதக்கணக்காகிறது. அப்படியிருக்க அங்கே தண்ணீர் ஏது? கேட்டதற்கு, ஒவ்வொரு ஞாயிறும் கடற்காற்றின் உப்புப் போக ஹோஸ் பிடித்துக் கழுவுவதாகச் சொன்னார். நல்ல பழக்கம்தான். ஆனால் கழுவின தண்ணீர் வண்டியை விட்டு வெளியே போகவில்லை.

வண்டியைத் தூக்கி அடியைப் பார்த்தோம். கதவடிப் பெட்டியில் தண்ணீர் வடிவதற்கென்று வைத்த சிறு துளைகள், யாரோ துருவுக்குப் பயந்து அடித்த கறுப்புப் பூச்சால் அடைந்து கிடந்தன. ஒரு துளையைச் சாணைபிடித்த ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஒரே கம்பியாக இறங்கியது. நாலு லீற்றர் வாளி முக்கால்வாசி நிரம்பியது. வலது பக்கம் அதைவிடக் குறைவு. அந்த வாளியைக் கண்டபிறகு வண்டிக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த வண்டியில் மழைத் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். அது தெரியாமல் ஹூட் மாற்றினால் பணத்தைக் கடலில் போட்ட மாதிரி.

எங்கள் ஊர் வீடுகளில் இரண்டு கூரை சந்திக்கிற இடத்தில் பீலி வைப்போம். ஓடு ஒழுகாமல் இருந்தாலும் பீலி உடைந்தால் வீட்டுக்குள் வெள்ளம்தான். இந்த ஹூட்டும் அதே மாதிரி. பின்பக்கப் பிளாஸ்டிக் தாளில் வழிகிற தண்ணீர் வண்டியின் உடம்புக்கு மேலே ஓடிப் போவதில்லை. துணியின் அடி ஓரத்துக்கும் உடம்புத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கால் உள்ளே இறங்குகிறது. இறங்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே அதை ஏந்திக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒரு பீலி, பின்பக்கம் முழுக்க லாடம்போல வளைந்து கிடக்கிறது. பீலியின் இரண்டு நுனியும் இருக்கைகளுக்குப் பின்னால், சீற் பெல்ட் வருகிற தூண்களுக்கு அருகே உள்ள வடிகுழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். குழியிலிருந்து ஒரு குழாய் கீழே போய்ப் பின் சில்லுக்கு முன்னால் வண்டிக்கு அடியில் முடிகிறது. இவ்வளவுதான் வழி. இதில் எந்த இடம் அடைபட்டாலும் தண்ணீர் பின்வாங்கிக் கார்ப்பட்டுக்கும் கதவடிப் பெட்டிக்கும் போகும். அங்கே தேங்கி உள்ளிருந்து தகட்டைத் தின்னும். இந்த வண்டிகளில் பின் சில்லுக்கு முன்னால் பெயின்ற் கொப்பளித்துத் துரு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெளியிலிருந்து பார்த்துப் பட்டி பூசி மூடுகிறார்கள்.

கார்ப்பட்டைக் கிளப்பி வடிகுழிகளை வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். இடது குழிக்குள் வேப்பிலைச் சருகு, பூ, மண் எல்லாம் சேர்ந்து அடுப்புக் களிமண்போல இறுகியிருந்தது. வலது குழியில் எறும்பு கூடு கட்டியிருந்தது. வண்டி வீட்டில் நிற்பது வேப்பமரத்துக்குக் கீழே. நிழல் ஹூட்டுக்கு நல்லது, சருகு குழிக்கு ஆகாது.

பொடியன் கொம்பிரஸர் குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வேண்டாம் என்று தடுத்தேன். காற்றைப் பலமாக அடித்தால் அடைப்பு இன்னும் கீழே போய் இறுகலாம், அல்லது முப்பது வருடப் பழைய வடிகுழாய் பொருத்தை விட்டுக் கழன்றுபோகலாம். உடம்புக்குள்ளே கழன்றால் திரும்ப மாட்டுவது பெரும் பாடு. வாவியோரக் கடையொன்றில் தடித்த தங்கூசி வாங்கி வரச் சொன்னேன். பெரிய மீனுக்குப் போடுகிற வகை நைலோன் தூண்டில் நூல். நுனியை நெருப்பில் காட்டிக் குமிழாக்கி, குழியில் விட்டுச் சுழற்றிச் சுழற்றி இறக்கினோம். இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சம் விட்டு ஊறவைத்து மறுபடி சுழற்றினோம். ஒரு மணி நேரம் போயிருக்கும், வலது பக்கம் திறந்தது. இடதுக்கு அன்று பின்னேரம் ஆனது. அப்புறம் ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரை ஒரே வேகத்தில் குழியில் ஊற்றி, கீழே அதே வேகத்தில் வருகிறதா என்று பார்த்தோம். சொட்டுச் சொட்டாக வந்தால் திறந்த கணக்கில்லை.

சரி, வழி திறந்தது. இனி ஹூட்.

ஹூட் உண்மையாகவே பிழைதான். ஆனால் பிழை எங்கே என்பதைக் கண்டுபிடித்தது நானில்லை. காத்தான்குடியில் முச்சக்கரவண்டிகளுக்கு ஹூட் தைக்கும் காக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். ரெக்சினும் படங்கும் தைத்துக் கை பழுத்தவர். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். முன் கொக்கி இரண்டையும் தானே திறந்து தானே பூட்டிப் பார்த்தார். பூட்ட முழங்காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. பிறகு பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"தம்பி, இத தச்சவன் நல்ல தையல்காரன். அளவுதான் பிழ. பழைய ஹூட்ட விரிச்சுப் போட்டு அதப் பாத்து வெட்டியிருக்கான். பழைய ஹூட் சுருங்கினதாச்சே."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. வினைல் துணி மெதுவாக வளைய அதில் எண்ணெய் மாதிரியான ஒரு பொருள் கலந்திருக்கும். வருடக்கணக்காக வெயிலில் காயக் காய அது ஆவியாகிப் போய்விடும். துணி விறைத்துச் சுருங்கும். முப்பது வருடம் மட்டக்களப்பு வெயிலில் நின்ற ஹூட்டை அளவுக்கு வைத்து வெட்டினால், துவைத்துத் துவைத்துச் சுருங்கின சட்டையைக் கொடுத்து அதே அளவில் புதுச் சட்டை தைத்த மாதிரிதான். நீளவாக்கில் இரண்டு சென்ரிமீற்றர் குறைந்திருந்தது. இரண்டு சென்ரிமீற்றர் என்றால் சின்ன விரலின் அகலத்தைவிடச் சற்று அதிகம்.

அந்த இரண்டு சென்ரிமீற்றர் என்னென்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கண்டோம். கொக்கி பூட்டும்போதெல்லாம் துணி முன்னுக்கு இழுபட்டிருக்கிறது. பின் ஓரத்தில் போல்ற் போகிற துளைகள் வட்டமாயிருந்தவை, கண்ணீர்த் துளிபோல நீண்டு கிழிந்திருந்தன. அதனால் பின்னால் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியிருக்கிறது. ஒழுகுகிறது என்று வண்டிக்காரர் திரும்பக் கொண்டுபோனபோது, முன்பு வேலை செய்த இடத்தில் பின் ஓரம் முழுவதற்கும் சிலிக்கன் பூசி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் இறங்க வேண்டிய இடுக்கே அடைபட்டது. இறங்க வழியில்லாத தண்ணீர் தையலோரமாகத் தேங்கி, ஊசித் துளைகளால் நூலோடு நூலாக ஊறி உள்ளே வந்திருக்கிறது. போதாததற்கு பீலியின் இரண்டு நுனியையும் "இடைஞ்சலாக இருக்கிறது" என்று வெட்டி எறிந்திருந்தார்கள். குறைசொல்லும் நோக்கத்தில் இதை எழுதவில்லை. முச்சக்கரவண்டி ஹூட்டில் மடிப்பும் இல்லை, பீலியும் இல்லை. தண்ணீர் மேலே விழுந்து பக்கத்தால் வழிந்து போகும். அந்தக் கணக்கை இந்த வண்டிக்குப் போட்டதால் வந்த வினை இது.

இங்கேயே திரும்பத் தைப்பதா, செய்த ஹூட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பதா என்று மூன்று பேரும் இருந்து பேசினோம். தைக்கக் காக்காவுக்கு ஆசைதான். ஆனால் சரியான அளவுக்கு மூல ஹூட் எங்கள் கையில் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். முழுத்துணி ஹூட்டில் அக்ரிலிக் நெசவு மேலே, நடுவில் ரப்பர்ப் படலம், கீழே பருத்தி கலந்த துணி என்று மூன்று அடுக்கு இருக்கும். வெயிலுக்கும் சுருக்கத்துக்கும் வினைலைவிட நன்றாகத் தாங்கும், விலை அதிகம். வண்டிக்காரர் முதலில் அதைத்தான் கேட்டார். நான் வினைலையே எடுக்கச் சொன்னேன். துணி ஹூட்டில் உப்பும் தூசும் நெசவுக்குள் போய் உட்கார்ந்துவிடும், அடிக்கடி தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். மரத்தடியில் நிற்கிற வண்டிக்குத் துடைத்துவிட்டுப் போகிற வினைல் தோது. இன்னொருவர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும், எனக்கு இதுதான் பட்டது. பீலியையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹூட் வாங்குகிறவர்கள் பலர் அந்தச் சிறு காசை மிச்சம் பிடித்துப் பழைய வெடித்த பீலியையே திரும்பப் போடுகிறார்கள்.

பொதி வந்து சேரும்போது புரட்டாதி நடுப்பகுதி. வாடை தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஹூட்டைத் தாங்கும் பிரேமை வண்டியிலிருந்து முழுதாக இறக்கி மேசைமேல் வைத்து வேலை செய்தோம். வண்டியிலேயே வைத்தும் செய்யலாம், ஆனால் முதுகு முறியும், கையும் எட்டாது. பின் ஓரத்தை மூன்று இரும்புத் தகட்டுப் பட்டிகள் அழுத்திப் பிடிக்கின்றன, 10 மில்லிமீற்றர் நட்டுகள். தகட்டின் விளிம்பு பிளேட் மாதிரி, கையுறை இல்லாமல் கைவைக்கக் கூடாது. பிரேம் பக்கத்துக்கு மூன்று போல்ற்றில் நிற்கிறது. அவற்றைக் கழற்றினால் இரண்டு பேர் தூக்கி வெளியே எடுக்கலாம்.

அதிக நேரம் தின்றது ரப்பர் பீடிங்கைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள். உப்புக் காற்றில் ஊறி, தலையும் பட்டியும் ஒன்றாகிக் கிடந்தன. முதல் நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வைத்தேன். மறுநாள் ஒவ்வொன்றையும் முதலில் கால் சுற்று இறுக்கி, 'கிட்' என்று உடைகிற சத்தம் கேட்டபிறகே தளர்த்தினேன். இரண்டு தலை அறுந்தது. ரிவெட்டுகளை 5 மில்லிமீற்றர் பிற்றால் மெதுவாகத் துளைத்தோம். ரிவெட்டின் தலை மட்டும் போக வேண்டும், பிரேமின் துளை பெருக்கக் கூடாது. பிற்றின் நுனியில் தலை கழன்று மோதிரம்போல ஏறிச் சுற்றும்போது கையை எடுத்துவிட வேண்டும்.

பிரேம் வெறும் எலும்பாக நின்றபோது துருவைச் சுரண்டிப் பூச்சடித்தோம். உள்ளே இரண்டு வளைகளையும் இழுத்துப் பிடிக்கும் பட்டி நாடா நைந்திருந்தது. அதைக் காக்கா அங்கேயே மெஷின் வைத்துப் பொலியெஸ்ரர் நூலால் தைத்துக் கொடுத்தார். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும், ஹூட் வேலைக்குத் தொடவே கூடாது என்பது அவர் கட்டளை.

புது ஹூட்டைப் பொதியிலிருந்து எடுத்தவுடன் பூட்டவில்லை. வெயிலில் பாயை விரித்து இரண்டு மணி நேரம் போட்டோம். மடிப்புகள் விரிந்து துணி இளகியது. மேலே நடுக் கோட்டையும் பிரேமின் நடுவையும் வெள்ளைச் சோக்கால் அடையாளம் போட்டோம். நடு ஒத்துக்கொண்டால்தான் மற்றது ஒத்துக்கொள்ளும். பக்க ஓரத்தில் இரண்டு நுனியும் பிரேமில் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வடம் ஒன்று துணியின் உறைக்குள்ளால் ஓடுகிறது. ஓட்டத்தில் ஹூட் மேலே உப்பாமல் கண்ணாடியோரத்தை இழுத்துப் பிடிப்பது அதுதான். இதைக் கோர்க்க மறந்து துணியை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் முதலில் கோர்த்தோம்.

அப்புறம் பிரேமை வண்டியில் ஏற்றி, பீலியைப் போட்டு, அதன்மேல் துணி, அதன்மேல் தகட்டுப் பட்டி. நட்டுகளை விரலால் மட்டும் முறுக்கினோம். துளைகள் எல்லாம் முன்கூட்டியே இருக்கவில்லை, சில இடத்தில் மூன்று நாலு மில்லிமீற்றர் விலகியும் இருந்தன. காக்கா துணியை உள்ளங்கையால் தடவி இறக்கி, போல்ற் முட்டுகிற இடத்தைச் சோக்கால் தொட்டு, சூடேற்றிய கம்பியால் துளை போட்டார். சூட்டில் துளையின் விளிம்பு உருகி இறுகிவிடுவதால் கிழிந்து நீளாது. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் நின்று, முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய்ப் பார்த்தார். ஒரு துளைக்குப் பத்து நிமிடம் எடுத்தார் என்றால் மிகையில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.

முன் ஓரத்தைப் பசை போட்டு ஒட்டும் முன் கொக்கிகளை அதிகபட்சம் தளர்த்தி வைத்து, ஹூட்டை மூடி, துணியை முன்னுக்கு இழுத்துப் பார்த்து அடையாளம் போட்டோம். கோட்டிலிருந்து அஞ்சு மில்லிமீற்றர் கூட இழுத்து ஒட்டினோம். காய்ந்தபிறகு முதல் தரம் பூட்டும்போது இரண்டு கையாலும் அமுக்க வேண்டியிருந்தது. வண்டிக்காரரின் முகம் மாறிவிட்டது, பழைய ஹூட்டின் ஞாபகம் வந்திருக்கும். "மறுகா சரி வரும் ஐயா, வெயில் காட்டும்" என்றார் காக்கா. மூடியபடியே ஒரு கிழமை வெயிலில் விட்டோம். நாலாம் நாள் ஒரு கையால் பூட்ட முடிந்தது. அதன்பிறகு கொக்கிகளைக் கொஞ்சம் இறுக்கினோம்.

தண்ணீர்ப் பரீட்சையை ஹோஸால் செய்யவில்லை. வேகமாக அடித்தால் எங்கு ஒழுகுகிறது என்று தெரியாமல் எல்லா இடமும் நனையும். பூவாளி எடுத்தோம், கீழிருந்து மேலே போனோம். முதலில் வடிகுழி, பிறகு பின் ஓரம், பிறகு சிப், பக்கக் கண்ணாடி, கடைசியில் முன் ஓரம். ஒவ்வொரு இடத்துக்கும் அஞ்சு நிமிடம். உள்ளே பொடியன் டோர்ச்சோடு இருந்தான். மேலேயிருந்து தொடங்கினால் மேலே விழுந்த தண்ணீர் கீழே வந்து கீழே ஒழுகுவதாகக் காட்டும். பின் ஓரத்தில் ஊற்றின தண்ணீர் பின் சில்லுக்கு முன்னால், இரண்டு பக்கமும், வண்டிக்கடியில் ஓடி மண்ணை நனைத்ததைக் குனிந்து பார்த்தபோது வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பக்கக் கண்ணாடிக்குக் கடுதாசித் துண்டு வைத்துப் பார்த்தோம். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் துண்டை வைத்து மூடி இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது பக்கம் முழுக்கப் பிடித்தது. இடது பக்கத்தில் முன் மூலையில், கண்ணாடியும் ஹூட்டும் முன் தூணும் சந்திக்கிற இடத்தில், கடுதாசி வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த ரப்பர் பழையது, விறைத்துப் போயிருந்தது. கண்ணாடியின் சாய்வைத் திருத்தியதில் கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

கொடுக்கும்போது வண்டிக்காரருக்கு மூன்று காரியம் செய்து காட்டினேன். மடக்கும் முன் சிப்பைத் திறந்து பிளாஸ்டிக் தாளைத் தட்டையாகக் கிடத்த வேண்டும், இல்லையென்றால் அது மடிந்து வெடிக்கும். ஈரத்தோடு மடக்கக் கூடாது. மாதம் ஒருதரம் ஒரு போத்தல் தண்ணீர் இரண்டு குழியிலும். மூன்றையும் என் முன்னால் அவரையே செய்ய வைத்தேன். வேப்பமரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளே வண்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றியிருந்தார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியபின் தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் கார்ப்பட்டின்மேல் பழைய பத்திரிகை விரித்து வைத்திருந்தாராம். வலது பக்கம் மொறுமொறுவென்று காய்ந்து இருக்கிறது. இடது பக்கம் முன் மூலைக்கு நேர் கீழே ஐந்து ரூபாய்க் குற்றியளவு ஒரு ஈரம். திருப்பத்தில் சத்தம் இல்லை.

அந்த மூலை ரப்பருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வந்ததும் போட வேண்டும்.